இணையத்தின் குழூஉக்குறிகள்

ஒரு பொருளை அதற்குரிய இயல்பான சொல்லால் கூறாமல் வேறு சொல்லால் கூறுவதைத் தகுதி வழக்கு என்று பெயரிட்டு, அதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தது, சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்குச் சான்றாகக் காட்டுவர். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்குமாறு வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி எனில், இன்றைய இளைஞர்களின் கைப்பேசி உரையாடலில் நிறைந்திருக்கும் சுருக்கங்களும் புதுச்சொற்களும் அந்த இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துகின்றன. அவற்றை மொழியின் சீரழிவு என்று கொள்வதைவிட இப்படி வகைப்படுத்துவதே அவற்றைப் புரிந்துகொள்ள உதவும்.

எழுத்துச் சுருக்கம் இணையம் தந்த புதுமை அன்று. உலகெங்கும் வழங்கும் ‘ஓகே’, ‘எல்லாம் சரி’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி அதன் முதலெழுத்துகளைச் சேர்த்த வேடிக்கையாக, 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் அச்சேறியது. ‘கடவுளே!’ என்று வியக்கும் ‘ஓ.எம்.ஜி.’, முதல் உலகப் போரின்போது 1917இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், அடைப்புக்குறிக்குள் விரிவாக்கத்துடன், இடம்பெற்றுள்ளது. அமெரிக்க அதிபரைக் குறிக்கும் ‘போட்டஸ்’ என்பதோ, செய்திகளை விரைந்து அனுப்புவதற்காகத் தந்தித் துறையினர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சுருக்கெழுத்து முறையின் எச்சமாகும்.

சுருக்கி எழுத வேண்டிய நெருக்கடியைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி பொதுமக்களுக்கும் கொண்டுவந்தது. முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பிரிட்டனில் அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட் மட்டுமே என்பதால், ஓர் எழுத்துக்கு 7 பிட் போதுமான ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கின. ஓர் எழுத்துக்கு 16 பிட் கோரும் ஒருங்குறியில் அதே இடத்தில் 70 குறிகள் மட்டுமே அடங்கும். தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘நன்றி’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளை விழுங்கிவிடுகிறது. தமிழர் தமிழை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யப் பழகியதற்குத் தமிழ் விசைப்பலகை இல்லாத பழைய கைப்பேசிகளோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தமிழ்ப் பற்று இல்லாமையை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறுவது நியாயமாகாது.

இச்சுருக்கங்களில் மிகவும் ஆராயப்பட்டது ‘எல்.ஓ.எல்.’ என்பதாகும். 1960களில் அமெரிக்க ஆங்கிலத்தில் ‘வயதான சிறிய மாது’ என்பதன் சுருக்கமாக இருந்த இம்மூன்றெழுத்து, 1980களின் கணினி வலையமைப்புகளில் ‘உரக்கச் சிரிக்கிறேன்’ என்ற பொருளைப் பெற்று, 2011இல் ‘ஓ.எம்.ஜி.’யுடன் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பிடித்தது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் அதனை ‘மிகுந்த அன்புடன்’ என்று கருதி ஒரு பத்திரிகை நிர்வாகிக்கு அனுப்பும் செய்திகளின் முடிவில் எழுதிவந்தார் என்பது 2012இல் லெவசன் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியமாகவே பதிவாயிற்று. இன்று அதனை எழுதுபவர் பெரும்பாலும் சிரிப்பதே இல்லை. சொல்வதன் கடுமையைக் குறைக்கவோ, கேட்பவரோடு இசைவைக் காட்டவோ அது வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது என்று மொழியியலாளர் ஜான் மெக்வொர்ட்டர் விளக்குகிறார். தமிழ் இலக்கண நோக்கில் கூறினால், அது வினைச்சொல்லாகப் பிறந்து இடைச்சொல்லாக மாறிவிட்டது.

சிரிப்பை எழுதும் முறையும் மொழிக்கு மொழி மாறும். தாய்லாந்து மொழியில் ஐந்து என்ற எண்ணின் ஒலி ‘ஹா’ என்பதால் அந்நாட்டினர் 555 என்று எழுதிச் சிரிக்கின்றனர். பிரெஞ்சுக்காரர்களோ ‘சிரித்துச் செத்தேன்’ என்பதைச் சுருக்கி ‘எம்.டி.ஆர்.’ என்கின்றனர்.

இடநெருக்கடி நீங்கிய பின்னும் புதுச்சொற்கள் பெருகுவதற்குக் காரணம் சிக்கனம் அன்று, அடையாளம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2023ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்த ‘ரிஸ்’, ‘கரிஸ்மா’ என்ற சொல்லின் நடுப்பகுதியிலிருந்து பிறந்து, பிறரை மயக்கும் கவர்ச்சியைக் குறிக்கிறது. காரணம் சொல்லாமல் ஒருவருடன் தொடர்பை அறவே துண்டிப்பது ‘கோஸ்டிங்’. ‘நோ கேப்’ என்றால் பொய்யில்லை என்று பொருள். ‘கொல்’ என்பதைப் பாராட்டாக்கிய ‘ஸ்லே’ நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் இனப் பால்புதுமையரின் நடனப் போட்டி அரங்குகளில் வளர்ந்த வழக்கு. நல்ல பாட்டைக் கேட்டுவிட்டுக் ‘கொன்னுட்டடா’ என்னும் தமிழருக்கு இந்தப் பொருள்மாற்றம் அயலானதன்று. இன்று ‘இளைஞர் மொழி’ என்று பொதுவாக வழங்குவனவற்றுள் கணிசமானவை ஆப்பிரிக்க அமெரிக்கரின் பேச்சுமொழியிலிருந்து வந்தவை. ஆயினும் பயன்படுத்துவோர் அந்தக் கடனைக் குறிப்பிடுவது அரிது.

நன்னூலின் மற்ற இரு வகைகளும் இணையத்தில் விடுபடவில்லை. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கல வழக்கு. டிக்டாக் முதலிய தளங்களில் சாவு, கொலை, தற்கொலை ஆகியவற்றைப் பேசும் பதிவுகள் நிரல்களால் நீக்கப்படலாம் அல்லது பலரைச் சென்றடையாமல் போகலாம் என்று அஞ்சுவோர் ‘அன்அலைவ்’, அதாவது ‘உயிரற்றதாக்கு’, என்ற சொல்லைக் கையாள்கின்றனர். பாலுறவைக் குறிக்கும் ‘செக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை, ஏறத்தாழ அதைப் போலவே ஒலிக்கும் வேறு எழுத்துகளில் எழுதுவது இடக்கரடக்கலின் வேலையைச் செய்கிறது. பழைய வழக்கு அவையோர்க்கு நாணியது, புதியது இயந்திரத்தின் கண்காணிப்புக்கு அஞ்சுகிறது. இந்த வேறுபாடு சிறிதன்று.

சுருக்கங்களால் பிள்ளைகளின் எழுத்தாற்றல் கெடும் என்ற கவலையைப் பொறுத்தவரை, மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2008இல் வெளியிட்ட நூலில், குறுஞ்செய்திகளிலுள்ள சொற்களுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே சுருக்கங்கள் என்றும், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை அறிந்தவரே அவற்றை ஆக்க முடியும் என்றும் எடுத்துக்காட்டினார். பெற்றோர் அஞ்ச வேண்டியது சொற்களுக்கு அன்று, அவற்றின் பொருளை அறியாமல் தாமும் பயன்படுத்தத் தொடங்குவதற்கே.

சில சொற்களுக்கு அறிய வேண்டிய பொருளே இல்லை என்பதும் உண்மை. டிக்ஷனரி.காம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்த ‘சிக்ஸ் செவன்’, ஒரு ராப் பாடலிலிருந்து கிளம்பி, கூடைப்பந்துக் காணொளிகள் வழியே பள்ளிகளுக்குள் பரவியது. உள்ளங்கைகளை மேலும் கீழும் அசைத்தபடி அதனைக் கூவும் சிறுவர்களிடம் பொருள் கேட்ட ஆசிரியர்களுக்குக் கிடைத்த பதில் மீண்டும் அதே ‘சிக்ஸ் செவன்’தான்.