உஷார்! உங்கள் பிரிண்ட் எந்த ஊரில் விழுகிறது?

ஜவ்வாது மலைக்கு லீவில் வந்து, ஜமுனாமரத்தூர் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னை, பெங்களூர் ஆபீஸ் கம்ப்யூட்டரை ரிமோட்டில் இயக்கும் தம்பி, தங்கைகளே! பிரிண்ட் கொடுக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பேப்பர் உங்கள் வீட்டில்தான் விழும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும்போது, பிரிண்டருக்கு டிக் போட்டிருந்தால், வீட்டு பிரிண்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பட்டியலில் வந்து சேர்ந்துகொள்ளும். பெயருக்குப் பக்கத்தில் 'ரீடைரக்டட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். ஆனால் இணைப்பு இருக்கிறவரைக்கும்தான் அது அங்கே. மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று மழை என்றால் கரண்டும் போய்விடும். லைன் அறுந்து திரும்ப வந்ததும், வீட்டு பிரிண்டர் பட்டியலுக்கு வந்து சேருமுன் அவசரமாக அழுத்தினால், டிஃபால்ட்டாக நிற்பது ஆபீஸ் பிரிண்டராக இருக்கலாம். சம்பளப் பட்டியலோ, யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஆதார் நகலோ, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற டிரேயில் கிடக்கும். வீட்டில் பேப்பர் வரவில்லையே என்று நாலு முறை அழுத்தியிருந்தால், அங்கே நாலு காப்பி! ஒவ்வொரு முறையும் பிரிண்டர் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பிரிண்டர் மக்கர் பண்ணும்போது நாம் பிடிக்கும் குறுக்கு வழி இதைவிட மோசம். ஃபைலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்கிருந்து ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிடுகிறோம். கடைக்கார அண்ணன் நல்லவர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று ஊரே கிடக்கும். உங்கள் கம்பெனி ஃபைலும் அதோடு சேர வேண்டுமா? பல கம்பெனிகள் வீட்டு பிரிண்டருக்கு அனுப்பும் வசதியையே பூட்டி வைப்பது இப்படி வெளியே போய்விடக் கூடாது என்றுதான். பூட்டியிருந்தால் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

கூகுளில் 'பிரிண்டர் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் நம்பருக்கு மட்டும் போன் போட்டுவிடாதீர்கள். "எனிடெஸ்க் போடுங்க சார், திரையில வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்டால் உடனே போனை வையுங்கள். எனிடெஸ்க் என்பது உங்கள் கம்ப்யூட்டரை வேறொருவர் தூரத்திலிருந்து இயக்கவிடும் செயலி. இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. நம்பரைச் சொல்கிற நேரம் ஆபீஸ் கம்ப்யூட்டரும் உங்கள் திரையில் திறந்திருந்தால், திருடன் கையில் அதுவும் போய்ச் சேரும். டிரைவர் வேண்டுமென்றால் பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை, விண்டோஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலரிலேயே இருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரத் தேதிவரைகூடக் காத்திராமல் அவசர அப்டேட் விட்டது.

பேப்பர் ஆபீஸில் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் கூச்சப்படாமல், அங்கே இருக்கும் நம்பகமான ஒருவருக்கு அந்த நிமிஷமே போன் செய்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். போன் மோசடியில் பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.