சிம் ரூட்டரும் ஆட்டுப்பட்டிக் கேமராவும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)

டிப்ளமோ படிக்கிறவன் லீவுக்கு ஊருக்குப் போனால் மிக்ஸி, ஃபேன், டிவி ரிமோட் எல்லாம் அவன் தலையில்தான் விழும். போன கோடை விடுமுறையில் என் தலையில் விழுந்தது ஒரு வைஃபை கேமரா.

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அத்தை தனியாக இருக்கிறார். பட்டியில் பதினாறு ஆடுகள். ஒரு ராத்திரி நாய்க்கூட்டம் உள்ளே புகுந்து மூன்றைக் கடித்துப் போட்டுவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான், "கேமரா வெச்சுட்டா நான் இங்கிருந்தே பாத்துக்குவேன்" என்று ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார். தோட்டம் வரைக்கும் ஃபைபர் கேபிள் வரவில்லை. இருந்தது சிம் போடுகிற 4ஜி ரூட்டர் ஒன்றுதான்.

முதல் தகராறு, கேமராவுக்கு வைஃபையே கிடைக்கவில்லை. ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தது. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4-ல் மட்டும்தான் பேசும். ரூட்டர் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. (5ஜி என்பது செல்போன் தலைமுறை, 5 கிகாஹெர்ட்ஸ் என்பது வைஃபை அலைவரிசை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்!) பட்டிக்குத் தகரக் கூரை, தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். அதனால் ரூட்டரைப் பட்டியைப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றினேன். டவர் சிக்னலும் அங்கே நன்றாகவே வந்தது.

வீட்டில் படம் பளிச்சென்று வந்தது. திருப்பூரில் ஒன்றும் வரவில்லை. அங்கேதான் என் இரண்டு நாள் போனது.

லேபில் பிராட்பேண்ட் இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தத் தைரியத்தில் இங்கேயும் 554-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். ஹாஸ்டல் வாட்ச்மேனிடம், "554-ன்னு கேட்டு யாராவது வந்தா கடைசி ரூமுக்கு அனுப்புங்கண்ணே" என்று சொல்லி வைப்பது மாதிரிதான் இது. ஆனால் கேட்டு வருகிறவன் ஹாஸ்டல் கேட் வரைக்குமாவது வர வேண்டுமே! ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்தேன். வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. அதே இணைப்பில் இருந்த போனில் என் ஐ.பி. முகவரி என்னவென்று தேடினால் வேறு எண் வந்தது. அப்போதுதான் புரிந்தது: தெருமுனையில் இன்னொரு கேட் இருக்கிறது, அதன் வாட்ச்மேன் நம் ஆள் இல்லை.

ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரியில் உலக மையக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதனால் மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்குப் பெயர் சி.ஜி.நாட். இதற்கென்றே 2012-ல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கினார்கள். உங்கள் ரூட்டரில் இந்த வரிசை தெரிந்தால் போர்ட் திறக்கிற வேலையை அப்போதே விட்டுவிடுங்கள்.

வழி தலைகீழாக இருக்கிறது. உள்ளிருந்து வெளியே போகிற அழைப்பை எந்த வாட்ச்மேனும் மறிப்பதில்லை, பதிலும் அதே வழியில் திரும்பி வரும். ஆப்பில் கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்கிற கேமராக்கள் இப்படித்தான் தாமாகவே தயாரிப்பாளரின் சர்வரைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். அந்த ஆப்பில் கணக்குத் தொடங்கினேன், பத்து நிமிடத்தில் திருப்பூரில் ஆடு தெரிந்தது! படம் அடுத்தவர் சர்வர் வழியே போவது பிடிக்காதவர்கள், ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கம்ப்யூட்டரை வீட்டில் வைத்து, பொது முகவரி உள்ள வாடகை சர்வர் ஒன்றுக்கு வி.பி.என். போடலாம். மாத வாடகை அழ வேண்டும்.

பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிட்டேன். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் படையாகத் திரட்டிப் பெரிய தளங்களையே முடக்கியது. அதை எழுதி, 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று பேரும் கிட்டத்தட்ட நம் வயசுப் பையன்கள்!

எல்லாம் முடிந்தது என்று நான் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாலாம் நாள், இரவு பத்து மணிக்கு நாய்கள் மறுபடி வந்தன. அத்தையின் போன் சத்தமே போடவில்லை. இன்னொரு குட்டி போய்விட்டது.

காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணிக்கு 3600 மெகாபிட். எட்டால் வகுத்தால் 450 மெகாபைட். சிம்மில் இருந்தது தினம் 1.5 ஜிபி. மூன்று மணி இருபது நிமிடத்தில் காலி! மச்சான் பாசத்தில் சாயங்காலம் முழுக்க லைவ் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிட்டது, எச்சரிக்கை போகவே இல்லை. மெமரி கார்டும் போடவில்லை. "அதெல்லாம் வேண்டாம் அத்தை, தண்டச் செலவு" என்று சொன்னவன் நான்தான். அத்தை என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீ என்ன பண்ணுவ கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே கார்டு வாங்கிப் போட்டேன். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு, அதுவும் கார்டில். லைவ் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது என்று மச்சானிடம் கண்டிப்பு. முக்கியமாக, கேமராவிலேயே இருந்த சைரனை அசைவுக்கு அலறும்படி வைத்தேன். கேமராவே பார்த்து கேமராவே அலறுவதால் அதற்கு நெட்டே வேண்டாம். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க, ரூட்டருக்கும் கேமராவுக்கும் அதனதன் வோல்டேஜ் பார்த்துச் சின்ன யு.பி.எஸ்.

முதல் ராத்திரி ஆடு காதை ஆட்டியதற்கெல்லாம் சைரன் அடித்தது. "ஆடும் தூங்கல, நானும் தூங்கல சாமி" என்றார் அத்தை. மறுநாள் ஆப்பில் பட்டியை விட்டு வேலியோரத்தை மட்டும் கட்டம் கட்டினேன். ஒரு மாதமாக நாய்கள் வேலி வரை வந்து சைரன் கேட்டுத் திரும்பி ஓடுகிற படம் கார்டில் மூன்று இருக்கிறது. அடைகோழி ஒன்று மட்டும் வேலிப்பக்கம் போய் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது.