கடைசி வரிசை கலைந்த கதை

எழுபதுகளில், பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமப் பள்ளியொன்றில் நான் இரண்டாம் வகுப்பு. வாத்தியார் ஒரு வரி சொல்வார். நாற்பது பேரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வோம். படிக்கத் தெரியாதவன் அந்தக் குரல்களுக்குள் ஒளிந்துகொள்ளலாம். என் பக்கத்தில் இருந்தவன் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு வாத்தியார் கேட்டால் விழிப்பான். 'மக்கு' என்று பெயர் விழுந்தது. கடைசி வரிசைக்குப் போனான். அப்புறம் ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

எழுத்தும் அன்று சுமைதான். 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நின்றன. ஈரோட்டுப் பெரியார் 1935-லேயே எளிய வடிவங்களைக் 'குடிஅரசு' இதழில் அச்சிட்டுக் காட்டினார். அரசு ஏற்க 1978 ஆயிற்று. 13 எழுத்துகள் மாறின. வகுப்பின் ஒற்றை வேகம் மாறவில்லை.

அதை முதலில் அசைத்தது, ஒவ்வொரு பிள்ளையும் பாட அட்டைகளைத் தன் வேகத்தில் முடித்துப் போகும் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலமெங்கும் பரவியது. கரும்பலகை பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கின. நோம்பிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த பிள்ளையும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். ஆனால் ஒரே அட்டையில் வாரக்கணக்கில் தேங்கிய பிள்ளை, ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிவிடவும் முடிந்தது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பு வரைக்கும், மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது. பயிற்சி அவரவர் நிலைக்கு.

'பட்டம்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை அதில் 'ப'வைக் கண்டுபிடித்து ஒலித்தால் போதும். அடுத்த பிள்ளை படம், பாடம், பட்டம் மூன்றையும் பிரித்துப் படிக்க வேண்டும்; கால் சேர்ந்தால் ஒலி நீளும், புள்ளி வைத்த 'ட்' முன்னால் சேர்ந்தால் 'ட'வில் அழுத்தம் விழும் என்பது அங்கேதான் பிடிபடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பட்டம் விட்ட கதை.

நிலை பிரித்ததோடு வேலை முடிவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளையும் உள்ளூர்ப் பிள்ளையும் ஒரே அரும்பில் இருக்கலாம். ஒருவருக்கு முதலில் வேண்டியது தமிழ்ப் பேச்சு, இன்னொருவருக்கு எழுத்து. போன மாதம் அரும்பில் இருந்த பிள்ளை இந்த மாதமும் ஏன் அங்கேயே என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காவிட்டால், அரும்பும் பூப்பெயர் சூடிய கடைசி வரிசையாகிவிடும்.

அன்று எங்கள் வாத்தியார் சொல்லைத் தொட்டுக் கேட்டாரே, அந்தச் சோதனை சரியானதுதான். விழித்தவனுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்பதுதான் அன்று யார் கையிலும் இல்லை. இன்று இருக்கிறது. "பட்டம் வரலையா? பரவால்ல கண்ணு, மொதல்ல படம் படி" என்று பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.