மதிப்பிழக்கும் தரவரிசை

என்னுடைய முன்னாள் மாணவர் ஒருவரின் மகள் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். இணையவழி நிரலாக்கப் போட்டிகளில் தவறாமல் பங்கேற்பவர். அண்மையில் சந்தித்தபோது, 'இரண்டு மணி நேரம் போராடி மூன்று வினாக்களை முடிக்கிறேன், ஐயா. விடுதியில் பக்கத்து அறைத் தோழி செயற்கை நுண்ணறிவைக் கேட்டுப் பத்து நிமிடத்தில் ஐந்தை முடித்துவிடுகிறாள். நானும் அப்படியே செய்துவிடலாமா என்று தோன்றுகிறது' என்றார்.

இது ஒழுக்கம் சார்ந்த சிக்கல் மட்டுமல்ல, பொருளாதாரச் சிக்கலும்கூட.

கோட்ஃபோர்சஸ், கோட்செஃப் போன்ற தளங்களில் பெறும் தரமதிப்பீட்டை மாணவர்கள் வேலைக்கான விண்ணப்பத்தில் குறிப்பிடுகின்றனர். பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கியபடி, இது திறமையை அறிவிக்கும் ஒரு சமிக்ஞை. திறமையற்றவர் எளிதில் பெற முடியாது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

அந்தத் தடை இப்போது தகர்ந்துவிட்டது. ஓபன்ஏஐ நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்த ஓ3 மாதிரி, கோட்ஃபோர்சஸ் அளவுகோலில் 2727 புள்ளிகள் பெற்றதாக அந்நிறுவனம் தெரிவித்தது. மிகச் சில மனிதர்களே எட்டியுள்ள உயரம் அது.

பழைய கார் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஓர் உண்மையைச் சுட்டினார். நல்லதையும் பழுதானதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், நல்ல பொருள் சந்தையைவிட்டு விலகிவிடும் என்பதே அது. அந்த மாணவியின் மனதில் எழுந்த சபலம் அத்தகைய விலகலின் தொடக்கமே.

தடை விதித்தால் போதாதா? வினாவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து விடை பெறுவதை கோட்ஃபோர்சஸ் 2024 செப்டம்பரிலேயே தடை செய்தது. ஆனால், கண்டறிவது கடினம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினால் இரு நிரல்களையும் ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். இயந்திரமோ கேட்கும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நிரலைத் தரக்கூடும். வெறும் ஐயத்தின் பேரில் தண்டித்தால் நேர்மையானவரும் பாதிக்கப்படுவார்.

எனவே, குற்றவாளியைத் துரத்துவதைவிட, குற்றத்தால் கிடைக்கும் ஆதாயத்தைக் குறைப்பதே உகந்த வழி. எரிக் வாஸ்டல் 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்திவரும் 'அட்வென்ட் ஆஃப் கோட்' நிகழ்வில், உலகளாவிய தரவரிசைப் பட்டியல் 2025-இல் நீக்கப்பட்டது. புதிர்கள் தொடர்கின்றன, பட்டியலில் இடம்பிடிக்கும் போட்டி மட்டுமே இல்லை.

தரவரிசை தேவைப்படும் இடத்தில் கண்காணிப்புக்குச் செலவிட்டே ஆக வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி உலக இறுதிப் போட்டியில் மூவர் கொண்ட அணிக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். அனைவரும் ஒரே அரங்கில் அமர்ந்து எழுதுகின்றனர். அங்கு பெறும் இடத்தை ஐயுற வேண்டியதில்லை.

நிறுவனங்களும் இணையத் தரமதிப்பீட்டை மட்டும் நம்பாமல், விண்ணப்பதாரரை நேரில் அமர்த்தி நிரல் எழுதச் சொல்ல வேண்டும். கல்லூரிகள் தங்கள் ஆய்வகங்களிலேயே போட்டிகளை நடத்தலாம். இணையப் போட்டி பயிற்சிக்களமாக மட்டும் இருக்கட்டும்.

அந்த மாணவியிடம், 'நேர்காணலில் உன்னுடன் வரப்போவது நீயே முடித்த மூன்று வினாக்கள்தான், அம்மா' என்றேன். என் சொல் பொய்க்காமல் இருப்பது, வேலை தருவோர் எதை மதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.