பொம்மைப் படமும் பிள்ளை மனமும்

“பொம்மைப் படந்தானே, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அன்றிரவு ஐந்து வயதுப் பிள்ளை தூங்காமல் சிணுங்குகிறது. தாயின் சேலையைப் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறது. கண்ணேறு பட்டிருக்கும் என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். பகலில் பிள்ளை என்ன படம் பார்த்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட படங்களைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிப் பார்க்கிறார்கள், பார்த்த பிறகு பெரியவர்கள் செய்யவேண்டியது என்ன என்பவற்றை இன்று தெரிந்துகொள்வோம். வீட்டில் ஒருவர் தொலைவில் வேலைக்குப் போயிருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவையான செய்தி. துவாசுக்கு ஆள் அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இதைக் கூர்ந்து கேட்கவேண்டும்.

சிங்கப்பூர்த் தீவின் மேற்கு முனையில் இருப்பது துவாஸ். முன்பு அது மீனவர் வாழ்ந்த ஊர். மரக்கிளைகளைக் கடலில் போட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலை நாடி வந்து கூடும் மீன்களை வலையில் வாரி எடுக்கும் முறைக்கு மலாய் மொழியில் மெனுவாஸ் என்று பெயர். அதிலிருந்தே ஊரின் பெயர் வந்தது என்பார்கள். பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் எழுந்தன. 1998ஆம் ஆண்டில் ஜொகூரையும் துவாசையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள் ஆகியோரின் மக்களில் பலர் இன்று விடியுமுன்னே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களோ துவாஸ் விடுதிகளில் தங்கி, பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள்.

இத்தகைய வீட்டுப் பிள்ளை பொம்மைப் படம் பார்க்கும்போது அதன் மனத்தில் என்ன நடக்கிறது? அதை அறிய, முதலில் பொம்மைப் படம் என்பது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது சிறிதாக மாற்றி ஒரு குருவியை வரைந்து, பக்கங்களை விரலால் வேகமாகத் தள்ளினால் அந்தக் குருவி பறப்பதுபோலத் தோன்றும். பொம்மைப் படத்தின் அடிப்படை இதுதான். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 1937இல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட ‘ஸ்நோ ஒயிட்’ 83 நிமிடம் ஓடுவது. கணக்குப் போட்டால் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கண்முன் கடந்துபோகின்றன. அத்தனையும் கையால் வரைந்த சித்திரங்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை. இன்று பெரும்பாலும் கணினியில் செய்கிறார்கள்.

எல்லாம் வெறும் படந்தான் என்று நமக்குத் தெரியும். ஆனால், தெரிந்தாலும் பயம் வரும். பிரிட்டனில் ‘ஸ்நோ ஒயிட்’ வெளியானபோது தணிக்கையாளர்கள் அதற்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பது அதன் பொருள். சூனியக்காரியும் இருண்ட காடும் பிள்ளைகளை நடுங்க வைக்கும் என்று அந்த நாளிலேயே கருதினார்கள்.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ‘ஸ்நோ ஒயிட்’ தொடங்கி 2013 வரை மிகுந்த வசூல் பெற்ற 45 பொம்மைப் படங்களைப் பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டார்கள். கதைத் தலைவனின் தாயோ தந்தையோ இறந்துபோகும் வாய்ப்பு, பெரியவர் படங்களைவிடப் பிள்ளைகள் படங்களில் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டார்கள். 1942இல் வந்த ‘பாம்பி’யில் மான்குட்டி தாயை இழக்கிறது. 1994இல் வந்த ‘லயன் கிங்’கில் சிங்கக்குட்டி தந்தையை இழக்கிறது. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வில் பிரிந்துபோன மகனைத் தேடித் தகப்பன் மீன் கடலெல்லாம் அலைகிறது.

கதை சொல்பவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தாய் தந்தையர் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளைக்கு வீரச்செயல் புரிய வேலையில்லை. நம் கதைகளிலும் அரசகுமாரன் காட்டுக்குப் போனபிறகுதான் கதை சூடுபிடிக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டி மடியில் கிடத்திக் கதை சொல்லும்போது, பிள்ளையின் கண் அகல விரிந்தால் அரக்கனைச் சிறிதாக்கிவிடுவார். அழுகை வரும்போலிருந்தால் அரக்கனுக்குத் தும்மல் வரவைத்துச் சிரிக்கவைப்பார். திரைப்படம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முகத்தைப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். ஜப்பானியரான ஹயாவோ மியசாகி 2001இல் உருவாக்கிய படம், ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற பெயரில் உலகெங்கும் ஓடியது. 2002இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதும், 2003இல் ஆஸ்கார் விருதும் பெற்றது. தம் நண்பர்கள் வீட்டுப் பத்து வயதுப் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எடுத்ததாக மியசாகி கூறியிருக்கிறார்.

சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி பெற்றோருடன் புது ஊருக்குக் குடிபோகிறாள். வழியில் ஆளில்லாத ஒரு கடைவீதி. அங்கே வைத்திருந்த உணவைக் கேட்பாரின்றி எடுத்து உண்ட தாயும் தந்தையும் பன்றிகளாகிவிடுகிறார்கள். அது தெய்வங்களும் ஆவிகளும் வந்து நீராடும் ஒரு பெரிய குளியல் மாளிகை. அங்கே வேலை செய்யாதவர்களுக்கு இடமில்லை. மாளிகையின் தலைவியான மந்திரக்காரி, வேலைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கும்போதே சிறுமியின் பெயரைப் பறித்துக்கொண்டு, சென் என்ற சிறு பெயரைத் தருகிறாள். சொந்தப் பெயரை மறந்தவர்கள் வீடு திரும்ப முடியாது என்று ஹாகு என்ற சிறுவன் எச்சரிக்கிறான். சிறுமி தரை துடைக்கிறாள், தொட்டி கழுவுகிறாள், நாற்றமெடுத்த விருந்தாளியைக் குளிப்பாட்டுகிறாள். அந்த விருந்தாளியின் உடலிலிருந்து ஒரு பழைய சைக்கிளும் குப்பைகூளமும் வெளிவர, அது மாசுபட்ட ஓர் ஆற்றின் தெய்வம் என்று தெரிகிறது. ஹாகுவும் ஓர் ஆறுதான். அந்த ஆற்றைத் தூர்த்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். ஆகவே அவனுக்குத் திரும்பிப்போக இடமில்லை.

இந்தப் படத்தை ஒரு தோட்டத்துக் குடும்பம் கூடி அமர்ந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை தாய் தந்தையர் பன்றியாகும் இடத்தில் அலறும். பத்து வயது அக்காள், ஒரு சிறுமி தனியாக வேலை செய்து சமாளிப்பதைக் கண்டு நிமிர்ந்து உட்காருவாள். தாய்க்கு அந்தத் தரை துடைக்கும் வேலைதான் கண்ணில் படும். விடுதியில் வேலை அனுமதி அட்டையின் எண்ணோடு வாழும் தகப்பன், பெயர் பறிபோகும் இடத்தில் சற்று மௌனமாகிவிடுவார். துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டத்தையும் இடிக்கப்பட்ட லயத்தையும் கண்ட பாட்டி, தூர்க்கப்பட்ட ஆற்றின் கதையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். படம் ஒன்றே. அவரவர் வாழ்க்கை அவரவர் கண்ணுக்கு ஒன்றைக் காட்டுகிறது.

சிறு பிள்ளை ஏன் அலறுகிறது? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர் என்ற பேராசிரியை இதை ஆராய்ந்தவர். ‘ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் சாதாரண மனிதன் ஒருவன் பச்சை நிறப் பூதமாக மாறி நல்லவர்களைக் காப்பான். பெரிய பிள்ளைகள் அவன் நல்லவன் என்று புரிந்துகொண்டார்கள். பள்ளி சேராத சின்னஞ்சிறு பிள்ளைகளோ, அவன் உருமாறும் அந்தக் காட்சியிலேயே மிகவும் பயந்தார்கள். ஏழெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தோற்றமே உண்மை. “அது பொய்யடா, வெறும் படம்” என்று சொல்லிப் பயனில்லை. வயது ஏற ஏற, நடக்கக்கூடியவற்றைப் பற்றிய பயம் வருகிறது. அம்மா செத்துப்போவாளா, அப்பா திரும்பி வருவாரா என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன.

இனிக் குடும்பத்தினர் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, புதுப்படத்தைப் பிள்ளை முதல்முறை பார்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் ‘ஜி’ என்று வகைப்படுத்திய படம் எல்லாருக்கும் உரியது. ‘பிஜி’ என்றால் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்பது பொருள். சிறுவர் படந்தானே என்று எண்ணாமல் அந்த எழுத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, சிறு பிள்ளை பயந்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஏதாவது கொடுங்கள். தேவையானால் படத்தை நிறுத்துங்கள். அந்த வயதுக்குச் சொல்லைவிட அணைப்பே மருந்து. பெரிய பிள்ளைக்கு எடுத்துச் சொல்லலாம். படம் வரைந்து காட்டி, பூதம் எப்படி அசைகிறது என்று விளக்கினால் அதன் பயம் ஆர்வமாக மாறும்.

மூன்றாவது, “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சும் பிள்ளை பயத்தை விட்டுவிடுவதில்லை, அதை மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பயம் படுக்கையை நனைப்பதாகவும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற பிடிவாதமாகவும் வெளிப்படக்கூடும்.

நான்காவது, படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். “உனக்கு எந்த இடம் பிடிக்கவில்லை?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தகப்பன் மீன் மகனைத் தேடிய இடம் என்று பிள்ளை சொன்னால், அது மீனைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். நேரே கேட்கத் தெரியாத கேள்வியைப் பிள்ளை படத்தின் வழியாகக் கேட்கிறது.

ஐந்தாவது, அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்துவதற்காக, “நாளைக்கு அப்பா வந்துவிடுவார்” என்று சொல்லி ஏய்க்கவேண்டாம். நாளை வரும், அப்பா வரமாட்டார். பிறகு நம் சொல்லைப் பிள்ளை நம்பாது. “அப்பா துவாசில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு வருவார்” என்று, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். நாட்காட்டியில் அந்த நாளை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

துவாசில் இருக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வு நாளில், பிள்ளை பார்த்த அதே படத்தை நீங்களும் கைப்பேசியில் பாருங்கள். “சாப்பிட்டாயா, படித்தாயா” என்ற இரண்டு கேள்விகளோடு பல வீட்டு உரையாடல் முடிந்துவிடுகிறது. “அந்தச் சிறுமி தன் பெயரை எப்படிக் கண்டுபிடித்தாள், சொல் பார்க்கலாம்” என்று கேட்டுப் பாருங்கள். தோழி கொடுத்த பிரிவு வாழ்த்து அட்டையில் அவள் பெயர் எழுதியிருந்தது என்று பிள்ளை ஆவலோடு கதை சொல்லும். அப்போது பிள்ளையை அதன் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். தன் பெயரைத் தகப்பன் வாயால் கேட்ட பிள்ளை அன்றிரவு நிம்மதியாகத் தூங்கும்.