யார் இந்த அராட்டா இசுமி? ஜப்பான் குடியுரிமையை விட்டுட்டு இந்தியாவுக்கு ஆடியவர் பெயர் மறுபடி பேசப்படுவது ஏன்?

2025 நவம்பரில் பெங்களூரு எஃப்சி வீரர் ரயான் வில்லியம்ஸ், ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். அந்தச் செய்தியோடு சேர்ந்தே ஆன்லைனில் இன்னொரு பெயரும் வந்தது: அராட்டா இசுமி. ரயானுக்கு முன்பே இதே முடிவை எடுத்தவர் இவர்.

யார் இவர்?

1982-ல் ஜப்பானின் ஷிமோனோசெகி நகரத்தில் பிறந்தவர். அம்மா ஜப்பானியர், அப்பா குஜராத்தி. 2006-ல் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக இந்தியா வந்தார். பிறகு மஹிந்திரா யுனைடெட், புனே எஃப்சி அணிகளில் ஆடினார். ஐஎஸ்எல்-லில் கொல்கத்தா, கேரளா அணிகளின் ஜெர்சியும் போட்டவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்.

குடியுரிமையை ஏன் விட்டார்?

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஜப்பானிலும், விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் ஜப்பான் குடியுரிமை போய்விடும். ரெண்டில் ஒன்றுதான். இசுமி இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். 2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக முதல் மேட்ச். அப்போ அவருக்கு வயது 30.

ஓசிஐ கார்டு போதாதா?

போதாது. இந்திய வம்சாவளியினருக்கு அந்த கார்டு கிடைக்கும். ஆனா அது குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் மட்டுமே தேசிய அணியில் ஆடலாம் என்று 2008-லேயே மத்திய அரசு முடிவு செய்துவிட்டது.

இதில் என்ன பிரச்சினை?

வயதுதான். ரயானுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைத்தபோது 32. வெளிநாட்டில் ஆடும் 20 வயது இளைஞர், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டால் அங்கே ஆடும் உரிமையும் சம்பளமும் சிக்கலாகும். அதனால் இந்த முடிவை எடுப்பவர்கள் பெரும்பாலும் கேரியரின் கடைசிப் பகுதியில்தான் வர முடிகிறது. இசுமியும் இந்தியாவுக்காக பத்துக்கும் குறைவான மேட்ச்கள்தான் ஆடினார்.

பக்கத்து நாட்டைப் பாருங்க. இங்கிலாந்தில் பிறந்த ஹம்சா சவுத்ரி, பிரிட்டன் குடியுரிமையை விடாமலே பங்களாதேஷுக்கு ஆடுகிறார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் அவருடைய முதல் மேட்ச். எதிரணி இந்தியாதான். ரிசல்ட் 0-0.

அப்போ ஓசிஐ வீரர்களை விட்டுடலாமா?

விடணும் என்கிறவர்கள் அணி உடனே பலமாகும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், இங்கே மைதானமும் பயிற்சியும் இல்லாமல் காத்திருக்கும் பசங்களோட இடம் பறிபோகும் என்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

ஒரகடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2010-ல் நிசான் கார் உற்பத்தி இங்கே தொடங்கியது. பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹா ஆலை. இந்தப் பகுதிக்கு வேலைக்கு வந்த ஜப்பானியர் ஒருவர் தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கும் ஒருநாள் இதே கேள்வி வரும். 18 வயதுக்குள் ரெண்டு நாட்டுக் குடியுரிமை அமைந்தவர்கள், 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும் என்கிறது ஜப்பான் சட்டம். அந்தக் குழந்தை ஃபுட்பால் ஆடினால், இசுமி 30 வயதில் எடுத்த முடிவை 20-க்குள்ளேயே எடுக்க வேண்டியிருக்கும்.