வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி மட்டும்தான் காரணமா?

கவலையை ஒதுக்கிய கண்டுபிடிப்பு

அல்சர் என்றாலே காரத்தையும் கவலையையும் பழி சொல்வது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் அதைப் புரட்டிப் போட்டார்கள். பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் இருப்பது ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று காட்டி, 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். பிறகு ‘டென்ஷனால் வயிறு கெடும்’ என்ற பேச்சுக்கு மதிப்பு குறைந்தது. ஆனால் இக்கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதேயில்லை. வலி மாத்திரை, புகை என்று மற்றக் காரணங்களும் சேரவேண்டியிருக்கிறது. மன அழுத்தமும் அவற்றில் ஒன்று. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் உலுக்கியபின் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அதிகரித்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தனர். பேரிடர் வேறு, அலுவலக நெருக்கடி வேறு என்பது நியாயமான மறுப்பே. ஆயினும் கிருமி நிலநடுக்கத்தோடு வந்ததல்ல, முன்பே இருந்தது.

நாருக்குப் பஞ்சம் வந்தால்

பெருங்குடலுக்கு வருவோம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன; குடல்சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். நார் கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்பது எலிகளில் தெரிந்தது. எலிக்கு நேர்வது மனிதருக்கும் நேருமா? 2015இல் வெளியான ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டே வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த உணவுக்கு வந்தவர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி கூடி அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்குப் போனவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. மன அழுத்தமும் இதே சுவரைத்தான் தொடுகிறது: குடலின் அசைவை மாற்றுகிறது, சுவரின் கசிவைக் கூட்டுகிறது. போதாததற்கு, நெருக்கடியில் இருப்பவர் டீயும் பிஸ்கட்டுமாகப் பகலை ஓட்டி இரவில் பரோட்டாவில் முடிப்பார். உணவு, மனம் என்று தனித்தனியாக அறிவுரை சொல்வது அதனால்தான் பலிப்பதில்லை.

தயிர் போதாதா?

தயிர் நல்லதே. ஆனால் அதன் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் நிலைப்பதில்லை. நாரும் அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார். தீட்டிய அரிசியால் அது எட்டாது. கொண்டைக்கடலை, கீரை, கம்பு வேண்டும். அவற்றையும் மெல்லக் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். கறுத்த மலம், காரணமில்லாத எடை இழப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றை மட்டும் ‘டென்ஷன்’ கணக்கில் எழுதக்கூடாது. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.